முகத்துவாரத்துக் கொடுவா

மீன் பிடிப்பவர்கள் வீட்டில் பிறந்தவள் நான். நாற்பது வயது தாண்டும்வரை ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை.

வெளியாட்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். திருவொற்றியூர்க் குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு தார்ச்சாலையும் கருங்கல் கொட்டிய கரையும்தான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா காசிமேட்டில் லாஞ்சு ஓட்டினார். பெரிய விசைப்படகைத்தான் அங்கே லாஞ்சு என்பார்கள். அம்மா இன்றைக்கும் மீன் விற்கிறாள். செவுளைத் தூக்கிப் பார்த்து அது நேற்றுப் பிடித்ததா இன்று பிடித்ததா என்று சொல்ல எனக்குத் தெரியும். வஞ்சிரத்தை ஒரே அளவாகத் துண்டு போடத் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஏறக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏற வேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை. மீன் கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எங்கள் கைக்கு வரும். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் ஆண்கள் சாப்பிடும்போது பேசிக்கொள்ளும் கதை.

கல்யாணமாகி வியாசர்பாடிக்கு வந்தேன். கணவருக்குப் பெரம்பூர் ரயில்பெட்டி ஒர்க்‌ஷாப்பில் வேலை. எனக்கு டோல்கேட் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், நாளெல்லாம் யார் யார் கையிலோ நரம்பு தேடி ரத்தம் எடுக்கும் வேலை. கணவருக்கு ஒரே தங்கை. அவளால்தான் இந்தக் கதையே.

என் நாத்தனார் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்தவள். கடலே அவளுக்கு ஆகாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, குப்பத்தில் காயப்போட்டிருந்த கருவாட்டைத் தாண்டும்போது துப்பட்டாவால் மூக்கை மூடியவள், காபி குடிக்கும்போதுகூட அதை எடுக்கவில்லை. நர்சிங் படித்தாள். ஆஸ்திரேலியாவின் தெற்கில், அடிலெய்டிலிருந்து காரில் பல மணி நேரம் போக வேண்டிய ஒரு சின்ன கடலோர ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனாள்.

முதல் வருடம் முழுக்க போனில் அழுகைதான். "ஞாயித்துக்கெழம ஆனா ஊரே செத்துப்போவுது அண்ணி. ஒரு டீக்கட இல்ல, ஒரு ஆட்டோ சத்தம் இல்ல. காத்து மட்டும் ஊய்ங்னு அடிச்சிகினே கீது" என்பாள். "சாப்டியா" என்று கேட்பேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டாள். கம்பளிக் குல்லாய் போட்டிருந்தாள். பின்னால் ஒரு மரப்பாலம் கடலுக்குள் நீளமாகப் போய் அந்தரத்தில் நின்றது. கூட வேலை செய்கிற ஒருத்தி வற்புறுத்தி அந்தப் பாலத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். கையில் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள்.

"அண்ணி! இது இன்னா மீனு சொல்லு பாப்போம்!"

கூர் மூக்கு, வெள்ளி உடம்பு, பழுப்புப் புள்ளிகள். போனை முகத்துக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தேன்.

"கிழங்கான்டி! இம்மாம் பெருசா?"

எங்கள் கிழங்கான் ஒரு சாண் இருந்தால் பெரிது. அவள் கையிலிருந்தது முழங்கை நீளம்.

"இங்க இத்த ஒய்ட்டிங்ன்றாங்க அண்ணி. இத்த புடிச்சிட்டா தலகால் தெரியாம ஆடுறாங்க. நான் புடிச்சேன்! நானே புடிச்சேன்!"

அழுதுகொண்டிருந்த பெண் குதித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் மீனைக் காட்டுவாள், நான் பேர் சொல்வேன். ஊசி வாயோடு ஒன்று வந்தது. முரல். இன்னொரு நாள் மை கக்கிக்கொண்டு கடம்பா, கணவாய் வகை. அதை அவள் பிடித்த விதம்தான் என்னை அசத்தியது. இரையே கிடையாது. துணி சுற்றிய பிளாஸ்டிக் இறால் ஒன்று, வாலில் பூப்போல விரிந்த ஊசிகள். அதைத் தண்ணீரில் எறிந்து, விட்டு விட்டு இழுத்தால் கடம்பா வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறது. கிழங்கானுக்கு இரையாக மட்டிச் சிப்பி வேண்டுமாம். அலையடிக்கும் மணலில் நின்று இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பி ஆடினால் பாதத்துக்கடியில் மட்டி தட்டுப்படும், குனிந்து எடுத்துக்கொள்ளலாம். ஆடிக் காட்டினாள். சமையலறையில் நானும் ஆடிப் பார்த்தேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

எனக்குள் என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. ரத்தம் எடுக்கும்போதுகூட, இந்த வாரம் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று மனம் ஓடியது. மீன் தூண்டிலைக் கொத்தும்போது எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன்.

"சொல்லத் தெரில அண்ணி. கரண்டு மாதிரி. நான் லீவுல வரேன், நீயே பாரு" என்றாள்.

சொன்னபடியே இந்த மே மாதம் வந்தாள். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து சாக்லேட் கொண்டுவருவார்கள். அவள் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயும் ஒரு பெட்டியும் கொண்டுவந்தாள். குழாய்க்குள் இரண்டு தூண்டில் ராடுகள், துண்டு துண்டாகக் கழற்றியபடி. பெட்டியைத் திறந்ததும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் கூடத்துக்குள் வந்துவிட்டார்கள். தட்டுத்தட்டாக மீன் பொம்மைகள். முதுகு பச்சை, வயிறு வெள்ளை, கண்ணுக்குப் பதில் மினுமினுக்கும் புள்ளி. சிலவற்றுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் உதடு. இழுத்தால் அதுதான் பொம்மையைத் தண்ணீருக்குள் முக்கி நீந்தவைக்கும் என்றாள். இன்னொரு தட்டில் கொழகொழவென்று ரப்பர் மீன்கள்.

"இத்த நெஜம்னு நம்பித் தின்ற மீனு இன்னா மீனும்மா அது? நம்ம ஊரு மீனு உஷாரு" என்றாள் எதிர்வீட்டு அக்கா. எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் மாலை மொட்டைமாடியில் எனக்குப் பயிற்சி. தூண்டில் ஊசி இல்லாமல் ஈயக்குண்டு மட்டும் கட்டிக் கொடுத்தாள். ரீலின் வளையத்தைத் திறந்து, அதில் சுற்றியிருக்கும் தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் பிடித்து, ராடைப் பின்னால் சாய்த்து, வீசும்போது விரலை எடுக்க வேண்டும். முதல் வீச்சில் குண்டு என் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது தண்ணீர் டேங்கில் மோதி டொங் என்றது. மூன்றாவது பறந்தது, அழகாகவே பறந்தது, எதிர் பிளாக் மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த நைட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"யார்றா அது!" என்று அங்கிருந்து குரல் வந்தது. நாத்தனார் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குந்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். நான்தான் போய் மன்னிப்புக் கேட்டு நரம்பை அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

நைனாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவருக்குப் புரியவே இல்லை. விசைப்படகுகளுக்கு அப்போது மீன்பிடித் தடைக்காலம். நைனா ஓய்வு பெற்றுவிட்டாலும் இந்த மாதங்களில் பழைய கூட்டாளிகளோடு வலை பின்ன உட்கார்ந்துவிடுவார்.

"மீன் புடிக்கிறது வேலைம்மா" என்றார் நாத்தனாரிடம். "லீவு நாள்ல போயி அத்தையே செய்வாங்களா யாராச்சும்? நானெல்லாம் லீவுன்னா கடல் பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டேன்."

"அதான் மாமா எனக்கும் மொதல்ல புரியல" என்றாள் அவள். "ஒரு நா வந்து பாருங்களேன்."

"நீங்க போங்க. எனக்கு வலை கீது."

முதலில் திருவொற்றியூரிலேயே போட்டோம். கடல் அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கிறார்களே, அரசாங்கம் அதற்கு வைத்த பேர் தூண்டில் வளைவு. குப்பத்தில் வெறும் கல்லு என்போம். விடிந்ததும் அதன் நுனிக்குப் போனோம். கடம்பாவுக்கான துணி இறாலைத்தான் ஆசையாக முதலில் எறிந்தாள். அது கல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், அறுந்தது. அடுத்த பொம்மையும் போயிற்று. எங்கள் கற்களில் முழுக்கச் சிப்பி, ஒவ்வொன்றும் பிளேடு. சரி என்று இறால் துண்டு வைத்துப் போட்டோம். பேத்தை ஒன்று வந்து, மேலே தூக்கியதும் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு எங்களை முறைத்தது. அப்புறம் அவள் ராடில் உள்ளங்கை அளவு சங்கரா. பையிலிருந்து ஓர் அளவுகோல் துணியை எடுத்து விரித்தாள், மீனை அதன்மேல் ஒரு நொடி வைத்தாள், உடனே தண்ணீரில் விட்டுவிட்டாள்.

பக்கத்தில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். "இன்னாம்மே, மீன வுட்டுட்ட?"

"சின்னது அண்ணா. அங்க அளவு இல்லன்னா வுட்டுடணும். வளரட்டும்னு வுட்டேன்."

"வளந்து உன் வூட்டு அட்ரஸ் விசாரிச்சுகினு வருமா?"

கல்மேல் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். திரும்பிப் பார்த்தேன். கரையில் நைனா நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்ததும் எதற்கோ வந்தவர்போல் வேறு பக்கம் நடந்தார்.

அன்றைக்கு என் தூண்டிலை எதுவும் தொடவில்லை. வெயில் ஏறி, முகம் எரிந்து, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம். ஆனால் நாத்தனார் சோர்ந்துபோகவில்லை. அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே நைனாவைக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும், எந்த நேரத்தில் வற்றும், கரை எங்கே செங்குத்தாக இறங்கும்.

"இன்னாத்துக்கும்மா கேக்கற?"

"அங்க முர்ரேன்னு ஒரு பெரிய ஆறு மாமா, கடல்ல சேர்ற எடத்துக்குப் போயிருக்கேன். உள்ள ஏறுன தண்ணி திரும்பி வெளிய வரும் பாருங்க, அப்போ பொடி மீனெல்லாம் ஓரமா அடிச்சிகினு வரும். அத்த திங்கறதுக்கு நம்ம கத்தாழ மீனு மாதிரி ஒண்ணு, ஆள் உசரம், வாயத் தொறந்துகினு நிக்கும். நம்ம எண்ணூர்ல மட்டும் எதுவும் நிக்காதா?"

நைனா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நிக்கும். கொடுவா நிக்கும்" என்றார். "ஆனா அது வலையையே எகிறித் தாண்டிப் போற ஜாதி. பொம்மைக்கா வந்துடும்?"

"வந்தா?"

"வந்தா..." நைனா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாளைக்கு விடிஞ்சதும் வத்தம் ஆரம்பிக்கும். நானும் வரேன். சும்மா ஓரமா குந்திகினு பாக்கறேன், அவ்ளோதான்."

விடியற்காலை ஆட்டோவில் போனோம். ராடுகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணூரில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வானம் சிவந்திருந்தது. முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்பக்கமாக, பாலத்தை ஒட்டிக் கல் கொட்டிய கரை. தண்ணீர் கடலை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தது, ஓரத்தில் சின்னச் சின்னச் சுழிகள். நைனா சொன்னபடி ஒரு கல்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

நாத்தனார் பச்சை முதுகுப் பொம்மையை என் நரம்பில் கட்டினாள். பொம்மைக்கு முன்னால் ஒரு கை நீளத்துக்குத் தடித்த நரம்பு, மீனின் செவுள் பட்டு அறுந்துவிடாமல் இருக்க. மீதியெல்லாம் தையல் நூல்போல மெல்லிய பின்னல் நரம்பு. "ரீல் தலைல திருகு கீது பாரு, இதான் பிரேக்கு. மீனு ரொம்ப வலிச்சா ரீலே நரம்ப வுட்டுக்குடுக்கும். நீ பயந்து இறுக்கிடாத."

வீசினேன். பொம்மை பாதி தூரம்தான் போயிற்று. சுற்றி இழுத்தேன். மறுபடி வீசினேன். நைட்டிக்காரம்மாவைக் கும்பிட்டுக்கொண்டேன், இந்தத் தடவை நன்றாகப் போயிற்று. தண்ணீருக்குள் பொம்மை தலையை ஆட்டி நீந்துவது ராடு வழியாக உள்ளங்கையில் தெரிந்தது, துடிதுடிவென்று. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. நரம்பு தேடிப் பழகிய விரல்கள் இல்லையா, அந்தத் துடிப்பை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம்போல் இருந்தது.

எத்தனை முறை வீசினேன் என்று தெரியாது. ஒரு தடவை பொம்மை கரைக்கு அருகே, செங்குத்தாக இறங்கும் இடத்துக்கு வந்தபோது துடிப்பு நின்றது. கல்லில் மாட்டிக்கொண்டது என்றே நினைத்தேன்.

"அய்யய்யோ, இதுவும் போச்சு" என்றேன்.

கல் நகர்ந்தது.

ரீல் கிர்ர்ர்ரென்று கத்தியது. ராடு வில்லாக வளைந்து என் கையைத் தண்ணீரை நோக்கி இழுத்தது. கொஞ்ச தூரத்தில் தண்ணீர் உடைந்து ஒன்று எழுந்தது. வெள்ளி நிறத்தில், என் கையைவிட நீளமாக, வாயைப் பிளந்து தலையை இப்படியும் அப்படியும் உதறிக்கொண்டு, அந்தரத்தில் நின்றதுபோல் இருந்தது. வாய் ஓரத்தில் பொம்மை ஆடியது தெரிந்தது. பொத்தென்று விழுந்தது.

"கொடுவா!" நைனாவின் குரல். பீடி எங்கே போயிற்றோ, கல்மேல் எழுந்து நின்றிருந்தார். "கொடுவாடி! வுடாத!"

"அண்ணி, ராட தூக்கு! நுனிய மேல வை! நரம்பு தொய்யக் கூடாது!"

தூக்கினேன். அது ஓடியது. வாயிலிருந்து என்னென்னவோ சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. கரண்டு என்றாளே, கரண்டேதான். தண்ணீருக்கு அடியில் எனக்குத் தெரியாத ஓர் உயிர், தன் முழுப் பலத்தோடு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அது திரும்பினால் எனக்குத் தெரிந்தது. தலையை உதறினால் தெரிந்தது. இத்தனை வருடங்கள் இந்த மீனைத் தராசில் பார்த்திருக்கிறேன், சட்டியில் பார்த்திருக்கிறேன். இப்படி இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொன்னதே இல்லையே என்று கோபம்கூட வந்தது.

கொடுவா பாலத்தின் தூண் பக்கமாகத் திரும்பியது. தூண் முழுக்கச் சிப்பி. அங்கே போனால் நரம்பு அறுந்துவிடும்.

"அண்ணி, கல்லு வழியா நட! அப்டியே கூடவே போ!"

சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவினேன். செருப்பு ஒன்று இடுக்கில் போய்விட்டது. பக்கவாட்டிலிருந்து இழுத்ததும் மீன் சற்றுத் தயங்கியது, தலை என் பக்கம் திரும்பியது. சுற்றினேன். கொஞ்சம் வந்தது. மறுபடி ஓடியது. மறுபடி சுற்றினேன். இரண்டாவது முறை எகிறியபோது உயரம் குறைந்திருந்தது.

அதற்குள் நைனா லுங்கியை மடித்துக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருந்தார். காலமெல்லாம் கையால் கயிறு பிடித்தவர், அவர் கை தானாகவே என் நரம்பை நோக்கிப் போயிற்று.

"மாமா!" என்று அலறினாள் நாத்தனார். "நரம்பத் தொடாதீங்க! வெரலு துண்டாயிடும்!"

நைனா சூடு பட்டதுபோல் கையை எடுத்தார். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, போலீஸ்காரர் முன்னால் நிற்பவர்போல் தண்ணீரில் நின்றார். "தொடல, தொடல! நீ வலி! மெதுவா வலி! என்னாண்ட கொண்டா!"

மீன் பக்கவாட்டில் சாய்ந்து மேலே வந்தது. கண் தங்கம் மாதிரி மின்னியது. நைனாவுக்கு அருகே வந்ததும் அவரைப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. அவர் முகமெல்லாம் தண்ணீர். "அம்மாடி!" என்று சிரித்தார். நைனா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மறுபடி சுற்றிக்கொண்டு வந்தேன். இம்முறை அவர் குனிந்து, ஒரு கையை வாலின் அடியிலும் ஒரு கையை வயிற்றின் அடியிலும் கொடுத்து, குளிப்பாட்டிய பிள்ளையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறினார்.

நான் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். பாலத்தின் மேல் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். செவுள் கிழித்து நைனாவின் முன்கையில் ரத்தம் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அளவுகோல் துணியை விரித்தார்கள். துணி முடிந்த பிறகும் மீன் இருந்தது.

"இத்த நீதான் தூக்கணும்" என்றார் நைனா.

"நீங்களே தூக்கிகினு வாங்க நைனா, எனக்கு கை ஓடல."

"நான் தூக்கனதெல்லாம் போதும். இது உன்னுது. புடி."

இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டேன். கனத்தது. ஈரமும் குளிர்ச்சியும் சேலை வழியாக வயிற்றில் இறங்கின. நாத்தனார் போட்டோ எடுத்தாள். அந்தப் படத்தில் எனக்கு ஒரு காலில் செருப்பில்லை, தலைமுடி பேய் மாதிரி விரிந்திருக்கிறது, பல்லெல்லாம் தெரிகிறது. என் கல்யாண ஆல்பத்தில்கூட அவ்வளவு நன்றாக ஒரு படம் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் அம்மா வழக்கம்போல் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். "ஷோக்கா கீது. யாராண்ட எடுத்த?"

"நான் புடிச்சேம்மா."

"வெளாடாத."

"அவதான் புடிச்சா" என்றார் நைனா. "நான் பாத்தேன். தபாரு, எகிறுது, இந்த உசரம்! இவ வுடல. கல்லு மேல ஓடறா பாரு, ஆடு மாதிரி..." கையைக் காலை ஆட்டி முழுவதையும் நடித்துக் காட்டினார். அக்கம்பக்கத்திலிருந்து ஆட்கள் வரவர முதலிலிருந்து நடித்தார். ஒவ்வொரு தடவையும் மீன் கொஞ்சம் கூடுதல் உயரம் எகிறியது.

வாசலில் நின்ற ஒரு பெரியவர், இந்தத் தடைக்காலத்தில் இப்படி ஒரு கொடுவா ஹோட்டலுக்குப் போனால் நல்ல விலை என்றார். அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். தலையைத் தனியாக வைத்து, நடுத்துண்டை வறுவலுக்கு எடுத்து, மீதியை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். கணவர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேராக வந்துவிட்டார். தட்டில் விழுந்த துண்டைப் பார்த்து, "நெஜமாவே நீதானா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு துண்டு கேட்டார். அம்மா மட்டும் பரிமாறும்போது என் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டாள், "அது கடிக்கும்போது எப்டிடி இருந்துச்சி?"

நாத்தனார் ஒரு ராடை எனக்கே விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திருவொற்றியூர்க் கல்லுக்குப் போக ஆரம்பித்தேன். பெரிதாக ஒன்றும் மாட்டுவதில்லை. எப்போதாவது ஒரு சின்னப் பாறை மீன், ஒரு கெளுத்தி. சில நாட்கள் வெறும் காற்று. போன மாதம் ஒருநாள் அம்மா வியாபாரம் முடித்து, காலிக்கூடையோடு அந்த வழியாக வந்தவள், கல்லின் ஆரம்பத்திலேயே நின்றாள்.

"வாம்மா" என்றேன்.

"எனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம். யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க" என்றாள். ஆனால் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நுனிவரை நடந்து வந்தாள். இறால் துண்டு மாட்டி, நானே வீசி, ராடை அவளிடம் கொடுத்தேன். துடைப்பத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். அப்புறம் அவள் தோள் ஒரு குலுக்குக் குலுங்கியது.

"ஏய்! ஏய்! கீதுடி! உள்ள இன்னாமோ கீது!"

"சுத்தும்மா! சுத்து!"

பின்பக்கமாகச் சுற்றி, அப்புறம் முன்பக்கமாகச் சுற்றி, கடைசியில் ரீலை விட்டுவிட்டு ராடோடு அப்படியே பின்னால் நடந்தே மீனைக் கல்மேல் இழுத்துப் போட்டாள். விரல் நீளத்துக்கு ஒரு கீச்சான். கீச் கீச்சென்று கத்தியது. சந்தையில் அது கூடையில் கலந்து வந்தால் அம்மா பூனைக்கு எறிந்துவிடுவாள்.

"சின்னதும்மா, வுட்டுடலாமா?" என்றேன்.

"இன்னா வுட்டுடலாமா?" அம்மா அதைச் சட்டென்று எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். முகமெல்லாம் வேர்வை, கண் பளபளவென்று இருந்தது. "போடு, மறுபடி போடு. ஜல்தியா போடு. அங்க கூட்டமா கீது, நான் பாத்தேன்!"